வேகமா சொன்னவருக்கு 100 ஓட்டு, விளக்கமா சொன்னவருக்கு 3! இணையத்தின் 'நற்பெயர் பாயின்ட்' நியாயமாப் பிரியுதா?

நைட் 1 மணி. காலையில ப்ராஜெக்ட் சப்மிஷன். லேப்டாப் ஸ்கிரீன் முழுக்க சிவப்பு எழுத்துல எரர். அதை அப்படியே காப்பி பண்ணி கூகுள்ல போடுறீங்க. முதல்ல வர்ற லிங்கைத் தட்டினா, பத்து வருஷத்துக்கு முன்னாடியே யாரோ ஒருத்தர் இதே எரர்ல மாட்டிக்கிட்டு கேள்வி கேட்டிருக்கார். கீழே இன்னொருத்தர் நாலே வரியில தீர்வு சொல்லியிருக்கார். காப்பி, பேஸ்ட், ரன். வேலை செய்யுது! நிம்மதியா டேபை மூடிட்டுத் தூங்கப் போறீங்க.

சரி, அந்த நாலு வரியை எழுதினவருக்கு என்ன கிடைச்சது?

சம்பளம் கிடையாது. உங்க 'தேங்க்ஸ்' கூட அவருக்குப் போய்ச் சேரலை. அவருக்குக் கிடைக்கக்கூடிய ஒரே விஷயம், பெயருக்குப் பக்கத்தில் ஏறும் ஓர் எண். அதன் பெயர் 'ரெப்யூட்டேஷன் பாயின்ட்'. நம்ம பாஷையில் சொன்னா, நற்பெயர் மதிப்பெண்.

இதெல்லாம் சும்மா கேம் ஸ்கோர்தானேன்னு தோணலாம். ஆனா, இந்த எண்ணை ரெஸ்யூமேவில் போட்டு வேலை தேடியவர்கள் உண்டு. இந்த எண்ணை வைத்துத்தான் ஒரு தளத்தில் யார் பேசலாம், யார் அடுத்தவர் எழுதியதைத் திருத்தலாம், யாருடைய கேள்வியை மூடலாம் என்பதெல்லாம் முடிவாகிறது. அப்படியென்றால், இந்த பாயின்ட் யாருக்குப் போகுது, யாருக்குப் போகலைன்னு கேட்டுத்தான் ஆகணும்.

பாயின்ட்னா என்ன, அதை வெச்சு என்ன பண்ணலாம்?

இதைப் புரிந்துகொள்ள சரியான உதாரணம், புரோகிராமர்கள் கேள்வி கேட்டுப் பதில் சொல்லும் 'ஸ்டாக் ஓவர்ஃப்ளோ'. ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி என்ற இருவர் 2008-ல் தொடங்கியது. கோடிங் படித்த யாரும் இதைத் தாண்டி வந்திருக்க முடியாது.

அங்கே கணக்கு இப்படி ஓடும். நீங்கள் எழுதிய பதிலுக்கு ஒருவர் 'அப்வோட்' போட்டால் உங்களுக்கு 10 பாயின்ட். கேள்வி கேட்டவரே 'இதுதான் சரியான பதில்' என்று பச்சை டிக் அடித்தால் 15 பாயின்ட். யாராவது 'டவுன்வோட்' போட்டால் 2 பாயின்ட் போய்விடும்.

சேர்த்த பாயின்ட்டுக்கு ஏற்ப அதிகாரமும் கூடும். பல வருடங்களாக இருந்த விதிப்படி, அப்வோட் போடவே உங்களிடம் 15 பாயின்ட் இருக்க வேண்டும். அடுத்தவர் பதிவில் கமென்ட் போட 50. டவுன்வோட் போட 125. பிறர் பதிவை யாருடைய அனுமதியும் இல்லாமல் திருத்த 2,000. ஒரு கேள்வியை மூட ஓட்டுப் போட 3,000.

அதாவது, அது வெறும் பாராட்டு இல்லை. ஊர்க் கூட்டத்தில் மைக் யார் கையில் இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் டோக்கன். இங்கேதான் நியாயம் பற்றிய கேள்வி ஆரம்பிக்கிறது.

முந்திக்கிட்டவருக்கே முதல் மரியாதை

ஒரு கேள்வி வருகிறது. ஒருவர் 2 நிமிடத்தில் மூன்று வரியில் பதில் போடுகிறார். இன்னொருவர் அரை மணி நேரம் உட்கார்ந்து, அந்த எரர் ஏன் வருகிறது, எங்கெல்லாம் இந்தத் தீர்வு வேலை செய்யாது என்று விளக்கமாக எழுதுகிறார். இரண்டாமவர் எழுதி முடிப்பதற்குள் கேள்வி கேட்டவர் முதல் பதிலுக்கு டிக் அடித்துவிட்டுப் போயிருப்பார். வந்தவர்கள் எல்லாரும் முதல் பதிலுக்கே ஓட்டுப் போட்டிருப்பார்கள்.

இது அந்தத் தளத்தின் ஆரம்ப நாள்களிலிருந்தே பேசப்படும் பிரச்னை. பழைய கவ்பாய் படங்களில் யார் முதலில் துப்பாக்கியை உருவுகிறாரோ அவர்தான் ஜெயிப்பார் இல்லையா, அதை வைத்தே இதற்குச் செல்லப் பெயரும் வைத்துவிட்டார்கள்.

இதோடு இன்னொரு கூத்தும் உண்டு. ரொம்ப எளிமையான கேள்விக்கு எளிமையான பதில் சொன்னால், அது லட்சக்கணக்கானவர்களுக்குத் தேவைப்படும். வருடக்கணக்கில் ஓட்டு வந்துகொண்டே இருக்கும். மூளையைக் கசக்கி மூன்று நாள் ஆராய்ந்து எழுதிய கடினமான பதிலைப் படிக்க ஆளே இருக்காது. அதற்கு 2 ஓட்டு, 3 ஓட்டு. ஓட்டு எண்ணிக்கை காட்டுவது 'எத்தனை பேருக்கு இது தேவைப்பட்டது' என்பதை மட்டும்தான். 'இதற்கு எவ்வளவு உழைப்பு' என்பதை அது காட்டாது.

முதல் லைக் செய்யும் வேலை

சரி, வேகத்தை விடுங்கள். நிதானமாகப் படித்து ஓட்டுப் போட்டால் நியாயம் வந்துவிடுமா? அங்கேயும் ஒரு சிக்கல்.

2013-ல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வெளியானது. லெவ் முச்னிக், சினான் ஆரல், ஷான் டெய்லர் என்ற மூவர் செய்தது. செய்திகளைப் பகிர்ந்து விவாதிக்கும் ஒரு தளத்தில் 1,00,000-க்கும் அதிகமான கமென்ட்களை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் சிலவற்றுக்கு, கமென்ட் நல்லா இருக்கா இல்லையா என்றே பார்க்காமல், குலுக்கல் முறையில் ஒரே ஒரு அப்வோட் போட்டார்கள். அவ்வளவுதான்.

அந்த ஒற்றை ஓட்டு கிடைத்த கமென்ட்டை அடுத்துப் பார்ப்பவரும் அப்வோட் போடும் வாய்ப்பு 32% கூடியது. கடைசியில் அந்த கமென்ட்களின் மொத்த மதிப்பெண் சராசரியாக 25% அதிகமாக இருந்தது. அதே மாதிரி சிலவற்றுக்கு ஒரு டவுன்வோட் போட்டுப் பார்த்தார்கள். அந்த விளைவை மற்றவர்கள் அப்வோட் போட்டுச் சரிக்கட்டிவிட்டார்கள்.

இதன் அர்த்தம் என்ன? கூட்டம் இருக்கிற கடையில்தான் பிரியாணி நல்லா இருக்கும் என்று நம்பி நாமும் அங்கேயே போய் நிற்போமே, அதேதான். முதல் ஆள் யதேச்சையாக வந்தவராகக்கூட இருக்கலாம். ஆனால், பின்னால் நிற்கும் 50 பேரும் முன்னால் நிற்பவரைப் பார்த்துத்தான் நிற்கிறார்கள்.

கேள்வி கேட்கிறது வேலை இல்லையா?

இனி, கொஞ்சம் சீரியஸான விஷயம்.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஆண்களும் பெண்களும் எப்படிப் பங்கேற்கிறார்கள், யாருக்கு எவ்வளவு பாயின்ட் கிடைக்கிறது என்பதை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2019-ல் வெளியானது. சராசரியாக ஒரு பெண் பயனரின் பாயின்ட், ஓர் ஆண் பயனரின் பாயின்ட்டில் ஏறக்குறைய பாதிதான் இருந்தது.

ஏன்? ஆண்கள் அதிகமாகப் பதில் எழுதினார்கள். அவர்களின் பதில்களுக்குச் சராசரியாக அதிக பாயின்ட்டும் கிடைத்தது. பெண்கள் அதிகமாகக் கேள்வி கேட்டார்கள். ஒரு கேள்விக்குச் சராசரியாக ஆண்களைவிட அதிகமாகவே பாயின்ட் வாங்கினார்கள். ஆனால், அப்போதைய விதிப்படி பதிலுக்கு ஓர் அப்வோட் என்றால் 10 பாயின்ட், கேள்விக்கு வெறும் 5. கேள்விக்கும் பதிலுக்கும் உள்ள இந்த மாதிரியான வித்தியாசத்தை மாற்றி, வேறொரு விதியை வைத்து ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். இடைவெளி பாதியாகக் குறைந்தது!

கவனிங்க. இங்கே யாரும் 'பெண்களுக்குக் குறைவா கொடு' என்று விதி எழுதவில்லை. '10, 5' என்று இரண்டு எண்கள்தான் எழுதினார்கள். அந்த எண்களுக்குள்ளே 'பதில்தான் உழைப்பு, கேள்வி சும்மா' என்ற ஓர் எண்ணம் ஒளிந்திருந்தது.

யோசித்துப் பார்த்தால், அந்த நைட் 1 மணிக்கு உங்களைக் காப்பாற்றியது பதில் மட்டும் இல்லை. உங்களுக்கு முன்னாடியே அதே கேள்வியைத் தெளிவாகக் கேட்டவரும்தான். அவர் கேட்காமல் இருந்திருந்தால் கூகுளில் அந்தப் பக்கமே வந்திருக்காது. 2019 நவம்பரில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ கேள்விக்கான அப்வோட்டையும் 10 பாயின்ட்டாக உயர்த்தியது. பழைய கேள்விகளுக்கும் சேர்த்தே கொடுத்தது. பலருடைய கணக்கில் ஒரே நாளில் பாயின்ட் எகிறியது.

பந்தியில பாயசம் ஊத்தினவர், பாத்திரம் கழுவினவர்

கல்யாண வீட்டில் பந்தி நடக்கும். பாயசம் ஊற்றுபவரை எல்லாரும் பார்ப்பார்கள், 'இன்னும் கொஞ்சம் ஊத்துங்க மாமா' என்பார்கள். பின்கட்டில் உட்கார்ந்து அண்டாவைத் தேய்ப்பவரை யாரும் பார்க்க மாட்டார்கள். ஆனால் அவர் ஒரு மணி நேரம் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனால் அடுத்த பந்தி நடக்காது.

இணையத்திலும் பின்கட்டு உண்டு. எழுத்துப்பிழை திருத்துபவர், ஏற்கெனவே கேட்ட கேள்வியைக் கண்டுபிடித்து இணைப்பவர், ஸ்பேம் அழிப்பவர், சண்டையை விலக்குபவர். இந்த வேலைகளுக்கு பாயின்ட் ரொம்பக் குறைவு, அல்லது சுத்தமாக இல்லை. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் புதியவர் செய்யும் திருத்தம் ஏற்கப்பட்டால் 2 பாயின்ட், அதுவும் மொத்தமாக 1,000 வரைதான். 2,000 பாயின்ட்டைத் தாண்டியவர் எவ்வளவு திருத்தினாலும் பூஜ்யம். தேர்தலில் ஜெயித்து வரும் மாடரேட்டர்களுக்கும் சம்பளம் இல்லை.

2023 ஜூனில் அந்த மாடரேட்டர்களில் பலர் ஸ்டிரைக் செய்தார்கள். ஏஐ எழுதிய பதில்களை நீக்குவதற்கு நிறுவனம் கொண்டுவந்த கட்டுப்பாடுகளை எதிர்த்துத்தான் அந்தப் போராட்டம். பாயின்ட் பட்டியலில் தெரியாத வேலைக்கு எவ்வளவு மதிப்பு என்பது, அந்த வேலை நின்ற பிறகுதான் பலருக்கும் தெரிந்தது.

மொய்க்கு மொய்!

பாயின்ட் என்று ஒன்று வந்துவிட்டால், அதைக் குறுக்கு வழியில் சேர்க்கவும் ஆள் வருவார்கள். இது நமக்குப் புதுசு இல்லை. 'நீ என் வீட்டு விசேஷத்துக்கு 500 எழுதினே, நான் உன் வீட்டுக்கு 501 எழுதறேன்' என்ற மொய் நோட்டுக் கணக்குதான். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒருத்தருக்கு ஒருத்தர் ஓட்டுப் போட்டுக்கொள்வது, ஒரே ஆள் இரண்டு கணக்கு வைத்துத் தனக்குத்தானே ஓட்டுப் போடுவது என்று எல்லாம் நடக்கும். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஒரே ஆள் ஒரே ஆளுக்கு வரிசையாக ஓட்டுக் குத்தினால், அதைத் தானாகவே கண்டுபிடித்து ரத்து செய்யும் வசதி இருக்கிறது.

மொய்க்கு இன்னொரு முகமும் உண்டு. 'நீ எழுதலைன்னா நானும் எழுத மாட்டேன்' என்ற பழிவாங்கல். இதை அனுபவித்தது 'ஈபே' விற்பனைத் தளம். அங்கே வாங்குபவரும் விற்பவரும் ஒருவருக்கொருவர் மதிப்பீடு கொடுத்துக்கொள்வார்கள். 'நான் கெட்ட மதிப்பீடு கொடுத்தால் அவரும் எனக்குக் கொடுத்துவிடுவாரே' என்ற பயத்தில் வாங்கியவர்கள் உண்மையைச் சொல்லத் தயங்கினார்கள். 2008-ல் ஈபே விதியை மாற்றி, விற்பவர்கள் வாங்குபவருக்குக் கெட்ட மதிப்பீடு கொடுக்க முடியாதபடி செய்தது.

அப்போ நியாயமா எப்படிப் பிரிக்கிறது?

எல்லாருக்கும் சமமாகக் கொடுத்துவிடலாமா? கொடுத்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இருக்காது. எல்லாருக்கும் ஒரே மார்க் போட்ட பரீட்சை மாதிரி ஆகிவிடும். அதனால் தளங்கள் வேறு வழிகளை முயற்சி செய்தன.

* உச்சவரம்பு: ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஓட்டுகள் மூலம் ஒரு நாளைக்கு 200 பாயின்ட்டுக்கு மேல் சேர்க்க முடியாது. ஒரு பதில் வைரல் ஆனாலும் அவ்வளவுதான். பச்சை டிக், பரிசு பாயின்ட் இதில் சேராது.

* குறை சொன்னா கைக்காசு: ஒரு பதிலுக்கு டவுன்வோட் போட்டால், போடுபவருக்கும் 1 பாயின்ட் போகும். 'சும்மா போற போக்குல' மட்டம் தட்டுவதைக் குறைக்க இந்த ஏற்பாடு.

* சொந்தக் காசில் பரிசு: யாரும் கண்டுகொள்ளாத கடினமான கேள்விக்கு, உங்கள் பாயின்ட்டிலிருந்து 50 முதல் 500 வரை எடுத்துப் பரிசாக அறிவிக்கலாம். 3 ஓட்டு மட்டுமே வாங்கி மூலையில் கிடக்கும் நல்ல பதிலுக்கும் இப்படிக் கொடுக்கலாம்.

* பழைய பதிலுக்கு விலக்கு: கேள்வி கேட்டவர் டிக் அடித்த பதில்தான் ரொம்ப காலம் எப்போதும் மேலே நின்றது, அதைவிட நல்ல பதில் பின்னால் வந்தாலும். 2021-ல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ அதை மாற்றியது.

* எண்ணையே மறைப்பது: 1997-ல் தொடங்கிய 'ஸ்லாஷ்டாட்' என்ற டெக் செய்தித் தளம் 'கர்மா' என்ற பெயரில் பாயின்ட் கொடுத்தது. அதற்கு 50 என்று உச்சவரம்பு வைத்தது. பிறகு எண்ணைக் காட்டுவதையே நிறுத்திவிட்டு 'நல்லது', 'மிக நன்று' என்ற மாதிரி வார்த்தைகளில் காட்டியது. எண் தெரிந்தால் அதைத் துரத்துவார்கள் என்பதுதான் காரணம். அங்கே மதிப்பிடும் உரிமையும் நிரந்தரம் இல்லை. சிலருக்கு 5 பாயின்ட் கொடுப்பார்கள், 3 நாளுக்குள் பயன்படுத்தவில்லை என்றால் காலாவதி. ஒரு விவாதத்தில் நீங்களே பேசினால், அதே விவாதத்தில் மதிப்பிட முடியாது. வாதாடுபவரே தீர்ப்பும் சொல்லக் கூடாது இல்லையா?

இதில் எதுவுமே முழுத் தீர்வு இல்லை. ஏனென்றால் 'நியாயம்' என்று நாம் சொல்வதில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. உழைச்சவருக்குக் கிடைக்கணும். பயன்பட்டதுக்குக் கிடைக்கணும். புதுசா வர்றவருக்கும் வாய்ப்பு இருக்கணும். இந்த மூன்றையும் ஒரே எண்ணுக்குள் அடைக்க முடியாது. எதை எண்ணுவது என்று விதி எழுதுபவர் முடிவு செய்யும்போதே, யாரை எண்ணாமல் விடுவது என்பதும் முடிவாகிவிடுகிறது.

பாயின்ட் இவங்களுக்கு, பணம் யாருக்கு?

2021-ல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவை 'புரோசஸ்' என்ற நிறுவனம் 180 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. நம்ம ஊர் ஸ்விகியில் முதலீடு செய்திருக்கும் அதே நிறுவனம்தான். அந்த விலைக்குப் பின்னால் இருந்தது, லட்சக்கணக்கானவர்கள் இலவசமாக எழுதிய கேள்வி பதில்கள். எழுதியவர்களிடம் இருந்தது பாயின்ட் மட்டும்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, கேள்வி கேட்க அந்தத் தளத்துக்கு வருபவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். 2024 மே மாதம் ஓப்பன்ஏஐ நிறுவனத்துடன் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ ஒப்பந்தம் போட்டது. 'நாங்க எழுதினதை வெச்சு ஏஐ-க்கு பாடம் எடுக்கறீங்களா?' என்று கோபமான சிலர் தங்கள் பதில்களை அழிக்கவோ மாற்றவோ முயன்றார்கள். தளம் அவற்றை மீட்டு வைத்து, சிலருடைய கணக்குகளைத் தற்காலிகமாக முடக்கியது.

இன்று நைட் 1 மணிக்கு நீங்கள் ஏஐ-யிடம் அதே எரரைக் கேட்டால் அதுவும் நாலு வரியில் பதில் சொல்லும். ஆனால் அந்த பதில் யார் யாருடைய எழுத்திலிருந்து கற்றது என்பது தெரியாது. அப்வோட் போட ஒரு பெயரே அங்கே இல்லை.

நாம என்ன பண்ணலாம்?

விதி எழுதும் இடத்தில் நாம் இல்லை. ஆனா, பாயின்ட்டைப் பிரிக்கும் கை நம்மோடதுதான். விரலை வைக்கும் முன் சில விஷயங்கள்:

1. முதல் பதிலோட நிறுத்தாதீங்க. கீழே ஸ்க்ரோல் பண்ணி மூன்றாவது, நான்காவது பதிலையும் படிங்க. நல்லதா இருந்தா அதுக்கும் ஓட்டுப் போடுங்க. ஏற்கெனவே 900 ஓட்டு வாங்கினதுக்கு 901-வது ஓட்டைவிட, 2 ஓட்டு வாங்கினதுக்கு 3-வது ஓட்டு ரொம்பப் பெரிசு.

2. கேள்விக்கும் ஓட்டுப் போடுங்க. உங்க பிரச்னையை உங்களுக்கு முன்னாடி கேட்டவர் அவர்.

3. நீங்க கேட்ட கேள்விக்கு பதில் வந்தா, டிக் அடிச்சிட்டுப் போங்க. அதுக்கு உங்ககிட்ட ஒரு பாயின்ட்டும் தேவையில்லை. எழுதினவருக்கு 15, உங்களுக்கும் 2 கிடைக்கும். ஆனா, அவசரப்பட்டு முதல் பதிலுக்கே அடிக்காம ஒரு நாள் பொறுங்க.

4. எண்ணைப் பார்த்து ஆளை எடை போடாதீங்க. பாயின்ட் அதிகம் இருப்பவர் நிச்சயம் நிறைய பேருக்கு உதவியிருப்பார். குறைவாக இருப்பவர் உதவவில்லை என்று அர்த்தம் இல்லை. அவர் வேலை எண்ணப்படாத இடத்தில் இருந்திருக்கலாம்.

5. பேரைச் சொல்லி நன்றி சொல்லுங்க. விக்கிப்பீடியாவில் பாயின்ட் முறை கிடையாது. பங்களிப்பவர்கள் ஒருவருக்கொருவர் 'பதக்கம்' கொடுத்துக்கொள்வார்கள். சும்மா ஒரு நட்சத்திரப் படமும் ரெண்டு வரி நன்றியும்தான். 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், அதிகமாகப் பங்களிப்பவர்களில் சிலரைக் குலுக்கல் முறையில் எடுத்து இந்தப் பதக்கத்தைக் கொடுத்தார்கள். பதக்கம் வாங்கியவர்களின் பங்களிப்பு, வாங்காதவர்களைவிட 60% அதிகமாக இருந்தது.

டிப்ளமோ படிக்கும்போது எங்கள் குரூப் ப்ராஜெக்ட் ஒன்றில், பேட்டிகள் முழுக்க உட்கார்ந்து டைப் செய்தது ஒரு தோழி. மேடையில் மைக் பிடித்துப் பேசியது நான். கைத்தட்டல் எனக்கு. அன்றைக்கு ஒரு வரி, 'இதையெல்லாம் டைப் பண்ணது அவங்கதான்'னு சொல்லியிருக்கலாம். எனக்குத் தோணவே இல்லை. யாரும் என்னைத் தடுக்கவும் இல்லை.

அடுத்த தடவை எரர் சரியானதும் டேபை மூடுறதுக்கு முன்னாடி ஒரு பத்து செகண்ட் இருங்க. எழுதினவர் பெயர் என்னன்னு பாருங்க. கணக்கு இருந்தா ஓட்டுப் போடுங்க. இல்லைன்னா கணக்கு ஆரம்பிச்சு, உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு சின்ன கேள்விக்கு நீங்க பதில் எழுதுங்க. ரெண்டு பேர் அப்வோட் போட்டாலே 15 பாயின்ட்டைத் தாண்டிடுவீங்க. அப்புறம் அந்த நாலு வரிக்காரருக்குத் திரும்பி வந்து ஓட்டுப் போடலாம்.